வாராத தேர்: ‘கிரான் டூரிஸ்மோ 5’உம் காத்திருந்தோர் சினமும்

கலைப்படைப்பொன்று வெளிவந்த பின்னரே அது பற்றிய விமர்சனம் தொடங்குகின்றது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். நூல் அச்சேறுமுன் அதற்கு மதிப்புரை எழுதுவாரில்லை. நாடகம் மேடையேறுமுன் அதன் குறைநிறை பேசுவோர் நகைப்புக்கு ஆளாவர். ஆயின் கடந்த நாற்பதாண்டுகளிற் பெருந்தொழிலாக வளர்ந்துவிட்ட வீடியோ விளையாட்டுத் துறையில் இவ்வொழுங்கு தலைகீழாகிவிட்டது. அங்கே படைப்பு வருமுன்பே அது பற்றிய பேச்சு வந்துவிடுகின்றது. சில வேளைகளிற் படைப்பினும் அப்பேச்சே நீண்ட ஆயுளுடையதாகவும் அமைந்துவிடுகின்றது. யப்பானிய நிறுவனமாகிய பொலிபொனி டிஜிட்டல் ஆக்கி, சொனி நிறுவனம் 2010 நவெம்பரில் வெளியிட்ட ‘கிரான் டூரிஸ்மோ 5’ என்னும் மோட்டார்ப் பந்தய விளையாட்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இன்று அவ்விளையாட்டை எடுத்து ஆடுவோர் மிகச் சிலரே. ஆனால், அதற்காகக் காத்திருந்த கதையைச் சொல்வோர் இன்றுமுளர்.

காத்திருந்தோரின் சினத்தை நோக்கியோர் இரு திறத்தார். ஒரு சாரார் அதனை விளையாட்டுப் பொருளுக்கு அழும் பிள்ளைகளின் அடமென்று ஒதுக்கினர். போரும் பசியும் நிலவும் உலகில், திரையில் ஓடும் கார்கள் ஆறு மாதம் பிந்தி வருவது ஒரு பொருட்டா என்பது அவர்தம் வினா. மற்றொரு சாரார் கலைஞன் பக்கம் நின்று பேசினர். நிறைவை நாடும் படைப்பாளியை நாட்காட்டி கொண்டு அளத்தல் தகாது என்றும், காலந்தாழ்த்தி வருவது செம்மையாக வரும் என்றும் அவர்கள் ஆறுதல் கூறினர். இவ்விரு நோக்குகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவைபோலத் தோன்றினும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே பிரச்சினையைக் காலத்தின் நீளமாகக் கண்டன. உண்மையிற் சினத்தின் வேர் காலத்தின் நீளத்தில் இல்லை. திகதி என்பது எவ்வாறு ஒரு வாக்குறுதியாக வழங்கப்பட்டு, எவ்வாறு விற்பனைக் கருவியாகப் பயன்பட்டு, அதன்பின் எவ்வாறு எவர்க்கும் பொறுப்பில்லாததாக்கப்பட்டது என்பதிலேயே அது உள்ளது. அதனைத் தெளிவாகக் காணுமிடத்து இரசிகரின் சினத்தில் நியாயமானது எது, நியாயமற்றது எது என்பதும் புலனாகும்.

இவ்விளையாட்டின் வரலாறு சிறிது கூறப்படல் வேண்டும். கஸுனோரி யமாவுச்சி என்பாரின் தலைமையில் ஏறத்தாழ ஐந்தாண்டு உழைப்பின் விளைவாக முதலாவது ‘கிரான் டூரிஸ்மோ’ 1997 டிசெம்பரில் யப்பானில் வெளிவந்தது. அதுவரை பந்தய விளையாட்டென்றால் சந்தை மண்டபங்களிற் காசிட்டு ஆடும் வேக விளையாட்டே நினைவுக்கு வரும். கார் ஒரு வண்ணப் பொம்மையாக இருந்தது. சுவரில் மோதினாலும் மீண்டும் ஓடியது. யமாவுச்சியின் ஆக்கம் அப்பொம்மைக்கு எடை கொடுத்தது. முன்சக்கர இயக்கமுடைய காருக்கும் பின்சக்கர இயக்கமுடைய காருக்கும் வளைவில் நேரும் வேறுபாட்டை ஆடுபவன் தன் கையில் உணர்ந்தான். ஓட்டுரிமைப் பரீட்சையிற் சித்தியெய்தி, கிடைத்த சொற்பப் பணத்திற் பழைய காரொன்றை வாங்கி, சிறு பந்தயங்களில் வென்று, அப்பணத்தில் இயந்திரத்தைத் திருத்தி, படிப்படியாக உயர்வதே அதன் அமைப்பு. இதில் இடம்பெற்றவை பெருஞ் செல்வர் ஓட்டும் கார்கள் மட்டுமல்ல. அலுவலகத்துக்குப் போய்வரும் சாதாரணக் கார்களும் (பிற்பட்ட பாகங்களில் நம் நாட்டுத் தெருக்களிற் பழகிப்போன விட்ஸ், மார்ச் போன்ற சிறு கார்களும்) அதே கவனத்துடன் ஆக்கப்பட்டிருந்தன. அன்றாடப் பொருளை மதித்து நோக்கும் இந்த நோக்கே அத்தொடருக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட வாங்குநரை ஈட்டித் தந்தது. வெறும் வேகத்தால் அது கிட்டியதன்று.

எனவே அடுத்த பாகத்துக்காகக் காத்திருந்தோர் ஒரு பண்டத்தை மட்டும் எதிர்பார்த்தவரல்லர். ஒரு மனப்பாங்கின் தொடர்ச்சியை எதிர்பார்த்தவர். இதனை மறந்துவிட்டு அவர்தம் ஏமாற்றத்தை அளவிட முயல்வது வீண்.

இனி வாக்குறுதிகளின் வரிசையைக் காணலாம். நான்காவது பாகம் பிந்தியே வந்தது. 2004 டிசெம்பரில் யப்பானிலும் 2005இல் ஏனைய நாடுகளிலும் வெளியான அது, முன்னர் அறிவிக்கப்பட்டிருந்த இணையவழிப் போட்டியைக் கைவிட்டே வந்தது. பிளேஸ்டேஷன் 3 என்னும் புதிய பொறியை 2005 மே மாதம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஈ-3 கண்காட்சியிற் சொனி அறிமுகப்படுத்தியபோது கிரான் டூரிஸ்மோவின் வருங்காலக் காட்சியொன்றும் திரையிடப்பட்டது. 2006இல் ‘எச்.டி.’ என்னும் பெயரில் மற்றொரு வடிவம் காட்டப்பட்டது. அதன் பெருந்திட்டம் அதே ஆண்டிற் கைவிடப்பட, சிறு மாதிரி ஒன்று மட்டும் இலவசமாக வழங்கப்பட்டது. 2007 டிசெம்பரில் ‘முன்னுரை’ என்னும் பொருள்தரும் ‘புரோலோக்’ விலைக்கு விற்கப்பட்டது. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அம்முன்னுரையை வாங்கினர். நூலின் முன்னுரையை மட்டும் தனியே அச்சிட்டு விற்று, நூலை மூன்றாண்டுகள் கழித்துத் தரும் பதிப்பாளரை எந்த வாசகரும் மன்னித்திருப்பாரோ என்பது ஐயமே.

2009இல் யமாவுச்சி, விளையாட்டை எந்நேரமும் வெளியிடக்கூடிய நிலையில் இருப்பதாகப் பொருள்படப் பேட்டியளித்தார். அவ்வாண்டுச் செப்தெம்பரில் தோக்கியோ கண்காட்சியில் 2010 மார்ச் என்று யப்பானுக்கு மாதம் குறிக்கப்பட்டது. 2010 ஜனவரியில் அது பின்போடப்பட்டது. யூனில் நவெம்பர் 2 என வட அமெரிக்காவுக்குத் திட்டமான நாள் அறிவிக்கப்பட்டது. அந்நாளுக்கு மூன்று வாரமே இருக்க, ஒக்டோபரில் அதுவும் பின்போடப்பட்டது. ஈற்றில் நவெம்பர் 24ஆந் திகதி விளையாட்டு வந்து சேர்ந்தது. நான்காம் பாகத்துக்கும் ஐந்தாம் பாகத்துக்கும் இடையே கழிந்தது ஏறத்தாழ ஆறாண்டு. பதினைந்து வயதில் நான்காம் பாகத்தை ஆடிய பள்ளிமாணவன் ஐந்தாம் பாகம் கைக்குவந்தபோது இருபத்தொரு வயது இளைஞன்.

கடைசியாக நேர்ந்த தாமதம் மூன்று வாரமே. முழுக் காத்திருப்பிலும் மிகச் சிறிய தாமதம் அதுவே. எனினும் மிகக் கடுஞ்சினத்தை அது கிளப்பிற்று. காலத்தின் நீளமே சினத்துக்குக் காரணமாயின் இது விளங்காப் புதிராகும். திகதி என்னும் வாக்கே காரணமென்று கொண்டாற் புதிர் அவிழ்கின்றது. நாள் குறிக்காது ஐந்தாண்டு காத்திருக்கச் செய்வது துன்பம். நாள் குறித்துவிட்டு மூன்று வாரம் பிந்துவது வாக்குப் பிழைத்தல். முன்னதை மனிதர் பொறுத்துக்கொள்வர். அந்நாளை எண்ணி விடுமுறை எடுத்தோர், முற்பணம் கட்டிப் பதிந்தோர், நண்பரை வீட்டுக்கு அழைத்தோர் ஆகியோர்க்குப் பின்னது நேரே தம்மைத் தீண்டியதாகிவிடும்.

இவ்விடத்து, இரசிகர் விளையாட்டுக்கு முழு விலையும் கொடுக்கவில்லையே, கொடாத பணத்துக்கு உரிமை கோருவது எங்ஙனம் என்று வினவுவோர் உளர். இவ்வினா பொருளியல் அடிப்படையை நோக்காமல் எழுவது. பிளேஸ்டேஷன் 3 பொறி 2006 நவெம்பரில் அமெரிக்காவில் 499, 599 டொலர் என்னும் இரு விலைகளில் விற்பனைக்கு வந்தது. அக்காலத்தில் அது மிக உயர்ந்த விலை. அப்பொறியை வாங்கத் தூண்டிய காட்சிகளுள் ஒன்று 2005இலும் 2006இலும் திரையிடப்பட்ட அந்தக் கார்களே. எனவே இன்னும் பிறவாத விளையாட்டு ஏற்கெனவே ஒரு பண்டத்தை விற்றுவிட்டது. வீட்டுக்குள் ஒருநாள் விருந்து நடக்குமென்று கூறி வாயிற்கதவை விற்றாயிற்று. வாயிலை வாங்கியவன் விருந்து எப்போது என்று கேட்டால் அவனைப் பொறுமையற்றவன் என்பது பொருந்துமா? சந்தையின் விதிப்படி நோக்கினும் காத்திருந்தோர் கடன்கொடுத்தோராவர். தாம் கொடுத்தது கடனென்பதை அறியாது கொடுத்தவர் என்பதே வேறுபாடு.

தமிழிலக்கியம் பயில்வோர்க்கு இந்நிலைமை புதியதன்று. கார்ப்பருவத்தில் மீள்வேன் என்று காலங் குறித்துப் பிரிகின்றான் முல்லைத் தலைவன். மழை பொழிகின்றது, கொன்றை பூக்கின்றது, தேர் வரவில்லை. தலைவி வருந்துகின்றாள். அப்போது தோழி கூறும் சமாதானமொன்று சங்கப் பாடல்களில் ஒரு துறையாகவே அமைந்துள்ளது. இது பருவமன்று, காலமல்லாக் காலத்தில் வந்த மழையைக் கண்டு மரங்கள் மயங்கிப் பூத்துவிட்டன என்று அவள் வற்புறுத்துகின்றாள். 2010இல் இரசிகர் கூட்டத்துள் இத்தோழியின் பங்கை ஏற்றோர் பலர். மார்ச் என்பது யப்பானுக்கு மட்டுந்தான் என்றனர் சிலர்; நவெம்பர் 2 என்பது வட அமெரிக்காவுக்குரிய நாள் என்றனர் வேறு சிலர்; குறித்த நாள் உண்மையான நாளன்று என்று நிறுவுதலே அவர்தம் வேலையாயிற்று. தோழியின் கூற்றுப் பொய்யென்பது தலைவிக்கும் தெரியும், தோழிக்கும் தெரியும். எனினும் அப்பொய் அன்பினாற் பிறந்தமையின் கவிதையாகின்றது. ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுதல் தகாது. தலைவன் வினைமேற் சென்றவன். தலைவியின் முற்றத்தில் விளம்பரப் பலகை நாட்டிவிட்டுச் சென்றவனல்லன்.

இனித் தலைவனின் வினையையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். முதலாம் பாகத்தில் ஒரு காரின் உருவம் சில நூறு பல்கோணிகளால் ஆனது. நான்காம் பாகத்தில் அது சில ஆயிரமாயிற்று. ஐந்தாம் பாகத்தின் செம்மையான கார்களில் அது இலட்சக் கணக்கை எட்டிற்று. கதவின் தையல், விளக்கின் உட்கண்ணாடி, இருக்கைத் துணியின் நெசவு யாவும் தனித்தனியே ஆக்கப்பட்டன. முதற்பாகத்தில் ஒருவர் ஒரு நாளில் முடித்த காரை இப்போது ஒருவர் ஆக்கி முடிக்க ஆறு மாதம் சென்றதென யமாவுச்சி கூறியுள்ளார். ஆக்கச் செலவு ஆறு கோடி டொலரை எட்டியதென்று அவர் தெரிவித்ததாகவும் செய்திகள் வந்தன.

இக்கூற்றை ஒரு சிறு கணக்காக்கிப் பார்த்தல் பயனுடையது. ஒரு காருக்கு ஆறு மாதமெனின் இருநூறு கார்களுக்கு ஒருவர் நூறாண்டு உழைக்க வேண்டும். விளம்பரத்திற் சொல்லப்பட்ட ஆயிரம் கார்களுக்கு ஐந்நூறாண்டு. அந்நிறுவனத்தின் நூற்றுச்சொச்சம் ஊழியரும் வேறெந்த வேலையும் செய்யாது கார்களையே வரைந்திருப்பினும் நான்கைந்து ஆண்டு கழிந்திருக்கும். ஆனால், பந்தயப் பாதைகள், இயந்திர ஒலி, மழை, இரவு, இணையவழிப் போட்டி எல்லாவற்றையும் அவர்களே ஆக்க வேண்டியிருந்தது. இவ்வெளிய பெருக்கற் கணக்கை ஒரு பாடசாலை மாணவனாற் செய்ய முடியும். ஆயிரம் என்ற எண்ணை விளம்பரத்தில் இட்டோரும் அதனைச் செய்திருப்பர் என்று கொள்வதே அவர்க்கு அளிக்கும் மரியாதை.

விளைவு யாதாயிற்று? 2010 நவெம்பரில் வந்த இறுவட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்கள் இருந்தன. ஆனால், அவை இரு சாதியினவாக இருந்தன. இருநூறுக்குச் சற்று மேற்பட்டவை ‘பிரீமியம்’ எனப்பட்டன. உள்ளும் புறமும் செதுக்கிய சிற்பம்போல் அமைந்தவை அவை. எஞ்சிய எண்ணூறுக்கு மேற்பட்டவை ‘ஸ்டாண்டர்ட்’ எனப்பட்டன. அவை நான்காம் பாகத்திலிருந்தும் கைப்பொறிக்கென 2009இல் வந்த பதிப்பிலிருந்தும் எடுக்கப்பட்டுச் சிறிது துடைத்து மெருகிடப்பட்ட பழைய உருவங்கள். சாரதியின் இருக்கையிலிருந்து நோக்கும் வசதி அவற்றுக்கு இல்லை. ஒரே பந்தயத்தில், ஒரே பாதையில், 2010இன் கார் ஒன்றும் 2004இன் கார் ஒன்றும் அருகருகே ஓடின. காத்திருப்பின் ஆறாண்டும் ஒரே திரையிற் பக்கம்பக்கமாகக் காட்சியளித்தது எனலாம். அன்றாடக் காருக்கும் அரிய காருக்கும் சமமான மதிப்பளித்ததே முதற்பாகத்தின் அறம் என்று முன்னர்க் கூறப்பட்டது. அவ்வறம் ஐந்தாம் பாகத்திற் சிதைந்தது. சாதாரணக் கார்கள் பெரும்பாலும் கீழ்ச்சாதியில் தள்ளப்பட்டன. வெளிவந்த காலத்து விமர்சகர் பலர் இக்குறையைத் தோற்றத்தின் குறையாகவே கண்டனர். அது நோக்கின் குறையென்பதைக் கண்டோர் நெடுநாள் காத்திருந்த இரசிகரே.

ஓட்டும் உணர்வில் அவ்விளையாட்டு முன்னையவற்றை விஞ்சியது என்பதை மறைத்தல் அநீதியாகும். ஈரமான பாதையிற் பின்சக்கரம் நழுவுவதும், நூர்பேர்க்றிங் பாதையின் மேடுபள்ளங்களிற் காரின் எடை முன்னும் பின்னும் பெயர்வதும் அதுவரை எவ்விளையாட்டிலும் அத்துணை நுட்பமாக வந்ததில்லை எனலாம். யமாவுச்சி அதே பாதையில் 2010 மே மாதம் நடந்த இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்திற் கலந்துகொண்டவர். படைப்பு முடியாதிருக்கப் படைப்பாளி பந்தயம் ஓடுவதா என்ற பரிகாசத்துக்கு இது இடமளித்தது. அப்பரிகாசம் மேலோட்டமானது. தான் எழுதும் கடலிற் படகோட்டிப் பார்க்கும் எழுத்தாளனை எவரும் சோம்பேறி என்பதில்லை. எனினும் ஒட்டுமொத்த மதிப்பீட்டில் முதற்பாகத்துக்கு மெட்டாகிரிட்டிக் தொகுப்பு 96 புள்ளி வழங்க, ஐந்தாம் பாகம் 84 புள்ளியே பெற்றது. புள்ளிகளைக் கொண்டு கலையை அளத்தல் பிழையாயினும், காலந்தாழ்ந்து வருவது செம்மையாக வருமென்ற ஆறுதலை அளக்க அது போதும்.

அவ்வாறுதல் ஒரு பழமொழி வடிவிலேயே உலவுகின்றது. பிந்திய விளையாட்டு ஒருநாள் நன்றாக அமையும், அவசரத்தில் வந்தது என்றும் தீயதாகவே நிற்கும் என்னும் கருத்துடைய அவ்வாக்கை நின்ரெண்டோ நிறுவனத்தின் ஷிகேரு மியாமோட்டோ கூறியதாகச் சொல்வர். அவர் கூறியதற்கு உறுதியான சான்று இல்லை. எவர் கூறினும் அது ஒரு குறித்த உற்பத்தி முறைக்குரிய வாக்கு. பேழையிலோ இறுவட்டிலோ பதித்து விற்றபின் திருத்தமுடியாதிருந்த காலத்தில் அது உண்மை. ஐந்தாம் பாகம் அவ்வாக்கின் இரு பாதிகளையும் பொய்யாக்கியது. பிந்தியும் அது முழுமையாக வரவில்லை. வந்தபின்னரோ இணையவழி இற்றைப்படுத்தல்களால் மாதக்கணக்காகத் திருத்தப்பட்டது. 2011 ஒக்டோபரில் வந்த பெரிய திருத்தத்திலேயே பழைய உருவக் கார்களுக்கு ஒப்புக்கேனும் ஓர் உட்புறம் கிடைத்தது. அவ்வாறாயின் 2010 நவெம்பர் 24 எதன் நாள்? முடிந்த நாளன்று, விற்கத் தொடங்கிய நாள். முடியாத ஒன்றை அன்று வெளியிடலாமாயின், மார்ச்சிலும் வெளியிட்டிருக்கலாமே என்ற இரசிகரின் வினாவுக்கு இன்றுவரை தக்க விடை அளிக்கப்படவில்லை.

போட்டியாளரை நோக்கினால் மற்றொரு வேறுபாடு புலப்படும். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ‘ஃபோர்ஸா மோட்டர்ஸ்போர்ட்’ 2005இல் முதலாம் பாகத்தையும் 2007இல் இரண்டாம் பாகத்தையும் 2009 ஒக்டோபரில் மூன்றாம் பாகத்தையும் ஒழுங்காக வெளியிட்டது. மூன்றாம் பாகத்தில் நானூறு கார்களே இருந்தன. ஆயின் எல்லாவற்றுக்கும் உட்புறம் இருந்தது. கார் உருவங்களை ஆக்கும் வேலையிற் பெரும்பகுதியை வெளிநிறுவனங்களுக்குப் பகிர்ந்தளித்தே அவ்வொழுங்கு பேணப்பட்டது. பொலிபொனியோ அதனைத் தன் கூரையின்கீழேயே செய்தது. ஒன்று ஆலையின் முறை. மற்றது கைவினைப் பட்டறையின் முறை. பட்டறையின் முறையிற் பொருளை ஆக்கிக்கொண்டு ஆலையின் நாட்காட்டியில் விற்பனை செய்ய முயன்றமையே கிரான் டூரிஸ்மோவின் அடிப்படை முரண்பாடு. இது யமாவுச்சி என்னும் தனிமனிதரின் குணக்கேட்டால் விளைந்ததன்று. பெருஞ்செலவை ஈடுசெய்யப் பெருஞ்சந்தை வேண்டும். பெருஞ்சந்தைக்கு ஆயிரம் என்னும் எண் வேண்டும். பண்டிகைக் காலத்து விற்பனைக்குத் திகதி வேண்டும். பட்டறைக்காரன் தன் தராசுக்கு வெளியேயுள்ள எண்களுக்குக் கட்டுப்படுகின்றான்.

இவ்விடத்திலேயே இரசிகரின் சினம் வழிதவறியது. அவர்கள் அம்முரண்பாட்டை நோக்கிச் சினக்கவில்லை. ஒரு முகத்தை நோக்கிச் சினந்தனர். அறிவித்தவரும் மன்னிப்புக் கோரியவரும் யமாவுச்சியே. ஆதலால் ஏச்சும் அவர்மேல் விழுந்தது. மேலும், ஆயிரம் என்ற எண்ணை விரும்பி வரவேற்றவர்களும் அவர்களே. நானூறு போதும், செம்மையாகத் தருக என்று கேட்டோரின் குரல் ஆரவாரத்தில் அமிழ்ந்தது. எண்ணையும் கேட்டு, நுட்பத்தையும் கேட்டு, நாளையும் கேட்பது மூன்று குதிரைகளை மூன்று திசையில் ஓட்டுவதாகும்.

சினம் எல்லைமீறும்போது அதன் சுமை எவர்மேல் விழுகின்றது என்பதற்குப் பிற்கால நிகழ்ச்சிகள் சான்றாகும். பந்தய விளையாட்டன்றாயினும், ‘நோ மான்ஸ் ஸ்கை’ என்னும் விளையாட்டு 2016இல் யூனிலிருந்து ஓகஸ்டுக்குப் பின்போடப்பட்டபோது அதன் ஆக்குநர்க்கும், அச்செய்தியை முதலில் வெளியிட்ட பத்திரிகையாளருக்குங்கூடக் கொலை மிரட்டல்கள் வந்தன. 2020இல் போலந்தின் ‘சைபர்பங்க் 2077’ மூன்றாம் முறையாகப் பின்போடப்பட்டபோதும் அதுவே நேர்ந்தது. அந்நிறுவனத்தின் ஊழியர் அதற்குச் சில வாரங்களின் முன்னரே வாரத்தில் ஆறு நாள் வேலை செய்யப் பணிக்கப்பட்டிருந்தனர். டிசெம்பர் 10ஆந் திகதி விளையாட்டு வந்தது. ஒரு வாரத்துக்குச் சற்றுப் பின்னர், குறைகள் மலிந்தமையாற் சொனி அதனைத் தன் இணையக் கடையிலிருந்து அகற்றியது. திகதியைக் காப்பாற்றுவதற்காக ஊழியரின் இரவுகள் எவ்வாறு விழுங்கப்படுகின்றன என்பது இத்துறையில் மறைபொருளன்று. 2004 நவெம்பரில் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவன ஊழியர் ஒருவரின் வாழ்க்கைத்துணை வெளியிட்ட திறந்த மடல் அதனை உலகறியச் செய்தது, வழக்குகள் எழுந்தன, நட்டஈடும் வழங்கப்பட்டது. இவற்றை அறிந்தபின், நாள் தவறியது என்று குமுறும் இரசிகன் நாள் தவறாதிருக்க எவர் விலை கொடுக்கின்றார் என்பதையும் கேட்கக் கடமைப்பட்டவன். வாங்குபவன் காத்திருந்ததும் ஊழியன் கண்விழித்ததும் ஒரே திகதியின் இரு முகங்கள்; ஆயின் அவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இடையில் நின்றது விளம்பரம்.

எனினும் இந்நியாயத்தைக் காட்டி இரசிகரை வாய்மூடச் செய்ய முயல்வது மற்றோர் அநீதி. அவர்தம் சினத்தின் மெய்யான உள்ளடக்கம் மிக எளியது: முடியுமுன் நாள் குறியாதே, குறித்தால் மாறாதே, மாறினால் உண்மையான காரணத்தைச் சொல். ஜனவரியிற் பின்போட்டபோது தயாரிப்பு நிலைமை என்பதற்கு மேல் எதுவும் விளக்கப்படவில்லை. வாசகனை வளர்ந்த மனிதனாக மதிக்கும் பதிப்பாளன் இவ்வாறு பேசான். ஆயிரம் கார்களுள் எண்ணூறு பழையவை என்பதை 2009இலேயே வெளிப்படையாகச் சொல்லியிருப்பின் சிலர் விலகியிருப்பர், பலர் தங்கியிருப்பர், வந்தபின் ஏற்பட்ட கசப்பு இவ்வளவு ஆழமாக இருந்திராது. வணிக நோக்கிலும் அது பெரும் இழப்பைத் தந்திருக்காது. ஏனெனில், இத்தனைக்கும் பின்னர் ஐந்தாம் பாகம் ஒரு கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. இவ்வெண்ணைக் காட்டி, சினந்தோர் யாவரும் ஈற்றில் வாங்கினரன்றோ என்று நகைப்பதுண்டு. வாங்கியமை மன்னித்தமையாகாது, அப்பொறிக்கு அதனையொத்த வேறு விளையாட்டு இருக்கவில்லை என்பதே அதன் பொருள். ஃபோர்ஸாவை ஆட வேண்டுமாயின் வேறு பொறி வாங்க வேண்டும்.

பின்வந்த பாகங்களில் இந்நோய் நீங்கவில்லை. இடம் மட்டும் மாறியது. 2016 நவெம்பருக்கென அறிவிக்கப்பட்ட ‘கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்’ 2017 ஒக்டோபரிலேயே வந்தது. தனியொருவன் படிப்படியாக உயரும் பழைய அமைப்பு அதில் இருக்கவில்லை. அதனையொத்த பகுதியொன்று டிசெம்பரில் இற்றைப்படுத்தலாகச் சேர்க்கப்பட்டது. ஏழாம் பாகம் 2021இலிருந்து 2022 மார்ச் 4க்குப் பின்போடப்பட்டது. இம்முறை தாமதத்துக்கு எழுந்த முணுமுணுப்பு முன்னளவு கடுமையாக இருக்கவில்லை, இரசிகர் பழகிவிட்டிருந்தனர். சினம் வெளியீட்டுக்குப் பின்னரே மூண்டது. அவ்விளையாட்டின் பெரும்பகுதி இணையத் தொடர்பின்றி இயங்காதவாறு ஆக்கப்பட்டிருந்தது. வெளியாகி இரு வாரம் ஆகுமுன் ஓர் இற்றைப்படுத்தலிற் பிழை நேர்ந்து, முப்பது மணிநேரத்துக்கு மேல் அது முடங்கிற்று. அதே வேளையிற் பந்தயங்களுக்கான பரிசுப் பணமும் குறைக்கப்பட்டிருந்தது. இறுவட்டு ஆடுநரின் கையில் இருந்தது. முழு விலையும் செலுத்தப்பட்டிருந்தது. தம் வீட்டிலேயே அமர்ந்து, தாம் வாங்கிவிட்ட விளையாட்டின் வாயில் திறக்குமென்று அவர்கள் காத்திருந்தனர். யமாவுச்சி மீண்டும் மன்னிப்புக் கோரினார். நட்டஈடாக ஒவ்வொருவர்க்கும் பத்து இலட்சம் நாணயம் அறிவிக்கப்பட்டது. விளையாட்டினுள் மட்டும் செல்லுபடியாகும் நாணயம்.